பிடித்து நிற்காத திருகு

ஆண்களை நான் முகத்தை வைத்து எடை போடுவதில்லை, கையை வைத்துத்தான். ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு அந்தப் பழக்கம் தானாக வந்துவிடும். துறைமுகத்திலும் ரயில் பட்டறையிலும் திருவொற்றியூர்ப் பக்கத்துக் கம்பெனிகளிலும் வேலை பார்த்தவர்கள்தான் எங்கள் தெரு முழுக்க. மாதா கோயில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் எல்லோரும் கைகூப்பி நிற்கும்போது கவனித்தால் தெரியும். ஒருவருக்கு ஆள்காட்டி விரல் பாதிதான் இருக்கும், இன்னொருவருக்குக் கட்டைவிரலே இருக்காது. என் அப்பாவுக்கு இடது கையில் சுண்டுவிரல் கிடையாது. சரக்கு இறக்கும்போது, கயிறு சுற்றும் வின்ச்சில் சிக்கிப் போனது. "சாமி கேட்டாரு, குடுத்துட்டேன்" என்று சிரிப்பார். எனக்கு ஒருநாளும் அதில் சிரிப்பு வந்ததில்லை.

என்னைப் பெண் பார்க்க வந்தவர் காபி டம்ளரை வாங்கியபோது நான் அவர் கையைத்தான் பார்த்தேன். பத்து விரலும் இருந்தன. துறைமுகத்தில் கிரேன் ஃபிட்டராகப் பல வருஷம் இருந்தவருக்குப் பத்தும் இருக்கிறதென்றால், ஒன்று சோம்பேறியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பெரிய ஜாக்கிரதைக்காரராக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். கல்யாணத்துக்குப் பிறகு தெரிந்தது, இரண்டாவதுதான். எந்த மிசினில் கை வைப்பதற்கு முன்பும் போர்டிலிருந்து, ஃபியூஸ் கம்பி மாட்டிய பீஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். அப்போதுதான் வேறு எவனும் விவரம் தெரியாமல் கரண்ட்டைப் போட்டுவிட முடியாது. வீட்டில் ஒரு பல்பு மாற்றினாலும் அதே சடங்குதான். துவைக்க எடுக்கும் சட்டைப் பையில் பீங்கான் பீஸ் கட்டை கிடக்கும். துறைமுகத்தில் எந்த மிசின் ஓடாமல் நிற்கிறதோ என்று நான் கேலி செய்வேன். கேலி செய்தேனே தவிர, அந்தக் கட்டை பையில் கனக்கும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருக்கும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் பாய் எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். தண்டையார்பேட்டைக்காரர். தந்தி ஆபீசில், வரும் செய்தியைத் தானே அச்சடிக்கும் டெலிபிரிண்டர்களைப் பழுது பார்க்கும் மெக்கானிக். துறைமுக ஆபீசில் இருந்த மிசின் ஒன்றைச் சரி செய்யப் போன இடத்தில் என் வீட்டுக்காரரோடு பேச்சுக் கொடுத்து, அந்த வாரமே தோஸ்தாகிவிட்டார். அவருடைய விரல்களைப் பார்த்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆனது. அவ்வளவு அழகான விரல்களை நான் ஆண்களிடம் பார்த்ததே இல்லை. வெண்டைக்காய் போல நீளம், ஒரு வடு கிடையாது. மயிரிழை போன்ற ஸ்பிரிங்கைக் கொக்கியில் மாட்டும் விரல்கள். இவை எத்தனை நாளைக்கு என்றுதான் முதல் நினைப்பே வந்தது. அப்படி நினைத்ததற்காக நாக்கைக் கடித்துக்கொண்டேன். நல்ல மனுஷரைப் பார்த்து நினைக்கக்கூடிய நினைப்பா அது?

ஆனால் அவர் வேலை செய்யும் விதத்தைப் பார்த்த பிறகு அந்த நினைப்பு என்னை விடவில்லை. எங்கள் வீட்டுத் தையல் மிசின் இழுத்து இழுத்துத் தைத்துக்கொண்டிருந்தது. என்னை மிதித்துக்கொண்டே இருக்கச் சொல்லிவிட்டு, ஓடுகிற மிசினுக்குள் விரலை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு தடவினார். ஊசி ஏறி இறங்குகிறது, இவர் விரல் அதன் பக்கத்திலேயே நிற்கிறது. நான் மிதிப்பதை நிறுத்திவிட்டேன். என் வீட்டுக்காரர் கோபத்தோடு எழுந்து வந்தார்.

"செத்த மிசின்லதான் பாய் கைய வெக்கணும்" என்றார்.

"செத்துப் போனா வியாதி எப்படி மாமு தெரியும்? உசுரோட கீறப்பத்தான் நாடி புடிக்க முடியும்" என்றார் பாய்.

தந்தி ஆபீசில் வேலை அப்படித்தான் நடக்குமாம். டெலிபிரிண்டரை ஓடவிட்டுத்தான் சரி செய்ய வேண்டுமாம், நிறுத்தினால் குறை ஒளிந்துகொள்ளுமாம். கிரேன் வேலையிலோ ஓடுவதைத் தொட்டவன் வீடு திரும்ப மாட்டான். இருவரும் அவரவர் தொழில் கற்றுக்கொடுத்ததைத்தான் பேசினார்கள். வருஷக்கணக்கில் இதே சண்டையைப் போட்டார்கள். நான் எப்போதும் என் வீட்டுக்காரர் கட்சிதான்.

அந்தச் சமயத்தில் காசிமேட்டில் விசைப்படகுகள் பெருகிக்கொண்டிருந்தன. படகின் அடியில் சுழலும் பித்தளை விசிறியை வார்ப்பதற்கு முதலில் தேக்கில் ஓர் அச்சு செதுக்க வேண்டும். விசிறியின் இலைகள் எல்லாம் ஒரே வளைவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் படகு உதறும். திருவொற்றியூர் வார்ப்புப் பட்டறை ஒன்றில் ஆசாரிகள் நாள்கணக்கில் செதுக்கியும் இலைக்கு இலை வித்தியாசம் வந்துகொண்டிருந்தது. அதே சமயத்தில் துறைமுகத்தில் வெளிநாட்டு மிசின் ஒன்று வந்து இறங்கியதை என் வீட்டுக்காரர் பார்த்தார். காகித நாடாவில் ஓட்டை போட்டுக் கொடுத்தால் அந்த ஓட்டைகளைப் படித்துத் தானே நகர்ந்து இரும்பை வெட்டுமாம். பாயிடம் வந்து சொன்னார். பாய்க்குக் கண் மின்னியது. தந்தி ஆபீசில் அவர் தினமும் புழங்குவதே ஓட்டை போட்ட நாடாவும் அதைப் படிக்கும் மிசினும்தான். இது எங்க மிசினோட தம்பி மாமு, நாமே கட்டலாம் என்றார். அன்றையிலிருந்து எங்கள் வீட்டுப் பின்பக்கத்துத் தகரக் கொட்டகை என் கையை விட்டுப் போனது. விறகு வெளியே வந்தது, கோழிகள் வெளியே வந்தன, இரும்பு உள்ளே போனது.

எனக்கு அந்த மிசினை ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. அம்மிக்கு ஒரு கை வேண்டும், தையல் மிசினுக்கு ஒரு கால் வேண்டும். ஆள் பிடிக்காமல் தானாக நகருகிற ஒன்றைக் கொட்டகையில் வைத்துக்கொண்டு எப்படிக் குடும்பம் நடத்துவது? ஏதோ பொறாமையில் சொல்கிறேன் என்று இருவரும் சிரித்தார்கள்.

மிசினின் இரும்புச் சட்டம் எழும்பியது. மேசை, அதன் மேல் ஒரு தூண், தூணில் ஏறி இறங்கும் தலை. அந்தத் தலையில்தான் வெட்டும் கத்தியும் அதைச் சுழற்றும் மோட்டாரும். எங்கள் வீட்டு அரிசி மூட்டை அளவுக்குக் கனம் இருக்கும். மேசை முன்னும் பின்னும், பக்கவாட்டிலும் போகும், தலை மேலும் கீழும் போகும். இவற்றை எதைக் கொண்டு நகர்த்துவது என்பதில்தான் வேலை நின்றது. மோட்டார் சுற்றத்தான் செய்யும். அந்தச் சுற்றலை நகர்வாக மாற்ற நடுவில் ஒன்று வேண்டும்.

முதலில் சைக்கிள் செயினைப் போட்டுப் பார்த்தார்கள். ஒரு பக்கம் போனது, திரும்பும்போது செயின் தொங்கி, மேசை யோசித்து யோசித்து வந்தது. கழற்றி எறிந்தார்கள். அடுத்து என் வீட்டுக்காரர் தன் கையாலேயே லேத்தில் திருகு கடைந்தார். சாப்பாட்டு நேரத்தையெல்லாம் அதற்கே கொடுத்து, பட்டறை மேஸ்திரியிடம் கெஞ்சிக் கூத்தாடி, கைத்தடி மொத்தத்தில் சதுர மரை போட்ட மூன்று திருகு கொண்டுவந்தார். அது முரட்டுத் திருகு. எண்ணெயைக் குடித்துக்கொண்டு மெல்லத்தான் நகரும். ஆனால் எங்கே விட்டோமோ அங்கேயே நிற்கும். அரிசி மூட்டை என்ன, ஆளே ஏறி உட்கார்ந்தாலும் அசையாது. அவருடைய குணமும் அதுதான் என்று நான் சொன்னேன். பாய் விழுந்து விழுந்து சிரித்தார்.

அந்தத் திருகில் முதல் இலையைச் செதுக்கினார்கள். தலையைத் தூக்க மோட்டார் திணறியது, அதன் கம்பிச் சுருளில் பூசிய வார்னிஷ் கருகும் வாசனை அடுப்படி வரைக்கும் வந்தது. தலை விட்டு விட்டு ஏறி, விட்டு விட்டு இறங்கியது. வெட்டி எடுத்த இலையின் முகத்தில் படிக்கட்டு படிக்கட்டாகக் கோடு. வார்ப்புப் பட்டறைக்காரர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, என் ஆசாரியே தேவலாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பாயின் முகம் செத்துப்போய்விட்டது. என் வீட்டுக்காரருக்கும் ரோஷம்தான். வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

பாய் ஒரு வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து நேராக வந்தார். சைக்கிள் கேரியரில் கோணி சுற்றிய ஒரு நீளப் பொட்டலம். வண்ணாரப்பேட்டைப் பழைய இரும்புக் கடையில், உப்புத்தண்ணீர் புகுந்து வீணாய்ப்போன வெளிநாட்டு மிசின் ஒன்றை உடைத்துப் போட்டிருந்தார்களாம். அதன் வயிற்றிலிருந்து எடுத்ததாம். கோணியைப் பிரித்தார். கண்ணாடி போலப் பளபளக்கும் திருகுகள், ஒவ்வொன்றிலும் ஒரு கனமான நட்டு. நட்டுக்குள் சின்னச் சின்ன எஃகு குண்டுகள் ஓடிக்கொண்டிருக்கும், மரையோடு உரசல் என்பதே கிடையாது என்று விளக்கினார். விளக்கியது போதாதென்று ஒரு வேடிக்கையும் காட்டினார். திருகை நட்டக்குத்தலாகத் தூக்கிப் பிடித்தார். மேலே இருந்த நட்டு, யாரும் தொடாமல், தன் கனத்தாலேயே சுற்றிக்கொண்டு கீழே இறங்கியது. சத்தமே இல்லை. கவிழ்த்தார், மறுபடி இறங்கியது. எங்கள் பிள்ளைகள் இருவரும் கை தட்டினார்கள். எனக்குக் கை தட்டத் தோன்றவில்லை. ஏன் என்று அப்போது சொல்லத் தெரியவில்லை. இரும்பு என்றால் கொஞ்சமாவது முனக வேண்டாமா?

என் வீட்டுக்காரர் அந்தத் திருகை வாங்கி வெகுநேரம் உருட்டி உருட்டிப் பார்த்தார். பிறகு, "இது யாரையும் புடிச்சிகினு நிக்காது பாய்" என்றார்.

அன்றைக்கு ஆரம்பித்த வாதம் பல நாள் நடந்தது. மேசையின் இரண்டு நகர்வுக்கும் பாய் கொண்டுவந்த திருகையே போடலாம், தலைக்கு மட்டும் என் திருகு இருக்கட்டும் என்றார் இவர். மேசை படுக்கையாக இருப்பது, திருகு வழுக்கினாலும் எங்கேயும் விழாது. தலை தொங்குகிற சாமான், அதற்குப் பிடிமானம் வேண்டும். பாய் கேட்கவில்லை. இலையின் வளைவே தலை ஏறி இறங்குவதில்தான் இருக்கிறது, அங்கே முரட்டுத் திருகைப் போட்டால் மறுபடியும் படிக்கட்டுதான் வரும் என்றார். இருவர் சொன்னதும் சரி. தொல்லையே அதுதான். ஒருவராவது முட்டாளாக இருந்திருந்தால் காரியம் சுலபமாக முடிந்திருக்கும்.

கடைசியில் பாய் ஒரு வழி சொன்னார். தலையின் திருகுக்கு மேல் ஒரு தட்டு, அதைக் கவ்விப் பிடிக்க ஒரு கரண்ட் காந்தம். தலை நிற்க வேண்டிய நேரத்தில் காந்தம் கவ்விக்கொள்ளும், நகர வேண்டிய நேரத்தில் விட்டுவிடும். கரண்ட் போனால் என்று இவர் கேட்டார். கரண்ட் போனால் காந்தமும் போகும், தலை இறங்கும், அதற்கு அடியில் ஒரு கட்டை வைத்துக்கொண்டால் போயிற்று என்றார் பாய். கிரேனில் இதையே தலைகீழாக வைத்திருப்பார்கள் என்று இவர் எடுத்துச் சொன்னார். அங்கே ஸ்பிரிங்தான் கவ்வும், கரண்ட் வந்தால்தான் விடும், ஆகவே கரண்ட் போனால் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பாயும் ஒத்துக்கொண்டார், ஆனால் அப்படிச் செய்ய மேலே இடம் போதாது, தூணையே பிரிக்க வேண்டும். முதலில் ஒரு செட் இலை நல்லதாக வந்து, பட்டறைக்காரர் ஒத்துக்கொள்ளட்டும், அதற்குப் பிறகு பிரித்து மாற்றிக்கொள்ளலாம் என்றார் பாய்.

என் வீட்டுக்காரர் சரி என்றார். அவர் கையால் கடைந்த திருகுகள் கொட்டகை மூலைக்குப் போயின. தோஸ்து முகத்துக்காகத்தான் சரி என்றார் என்று பின்னால் எல்லோரும் பேசினார்கள். அது பொய். அந்த வழுவழுப்பின் மேல் அவருக்கும் ஆசை வந்துவிட்டது. நான் அவர் கண்ணைப் பார்த்தேன்.

புதுத் திருகில் வெட்டிய முதல் இலையை என்னிடம்தான் கொடுத்தார்கள். தடவிப் பார்த்தேன். குழந்தையின் கன்னம் போல இருந்தது. இருவரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நன்றாக இருக்கிறது என்றேன். நன்றாகத்தான் இருந்தது. அதில் நான் ஏன் பொய் சொல்ல வேண்டும்?

அந்த வாரத்திலேயே மின்வெட்டு வந்தது. அந்த வருஷங்களில் மின்வெட்டு வராத வாரம் ஏது. எண்ணூர் மின் நிலையத்துப் புகை மட்டும் நிற்காமல் எங்கள் கூரை மேல் போகும், வீட்டில் விளக்கு எரியாது. மத்தியானம், கொட்டகையில் யாரும் இல்லை, காந்தத்தை மட்டும் அணைக்காமல் விட்டுப் போயிருந்தார்கள். நான் உலர்ந்த துணிகளை எடுக்கப் போனவள், கதவு வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றேன். உயரத்தில் நின்றிருந்த தலை இறங்கி வந்தது. அவசரமாக அல்ல, தயங்கியும் அல்ல. ஒரு முனகல் இல்லை. அடியில் மேசை மேல் கிடந்த தேக்குத் துண்டில் கத்தி பதிந்து நின்றபோதுதான் தொம் என்று ஒரு சத்தம் வந்தது. துணிக் கூடையை அப்படியே போட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டேன்.

சாயங்காலம் சொன்னேன். இருவரும் அந்தத் தேக்கில் விழுந்த பள்ளத்தைப் பார்த்தார்கள். விரல் நுழையும் ஆழம். பாய் தன் ஆள்காட்டி விரலையே அதில் விட்டு அளந்தார். எனக்கு அவர் கையைத் தட்டிவிட வேண்டும் போல இருந்தது. அன்றைக்கே என் வீட்டுக்காரர் தலையைத் தாங்கி நிறுத்தச் சவுக்குக் கட்டையில் ஒரு முட்டு அறுத்துவைத்தார். தலைக்கு அடியில் யார் கை வைப்பதானாலும் முதலில் இந்த முட்டு, பிறகுதான் கை என்று சொன்னார். பாய் தலையாட்டினார். அவர் தலையாட்டுவதற்கு என்ன, எதற்கும் ஆட்டுவார்.

ரம்ஜானுக்குப் பாயின் மனைவி பிரியாணியோடு வீட்டுக்கு வந்திருந்தாள். வாயும் வயிறுமாக இருந்தாள். கொட்டகையை எட்டிப் பார்த்தாள், உள்ளே வரவில்லை. போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, அவரு எதுலயும் கைய வுட்ருவாரு. நீங்கதான் அவரு கைய பாத்துக்கணும்" என்றாள். அந்தக் கையை வைத்துத்தான் அவர்கள் குடும்பமே. மெக்கானிக் சீட்டுக்கு விரல்தான் தகுதி, படிப்பு அல்ல. பார்த்துக்கொள்கிறேன் என்றேன். வாய் வார்த்தைக்குச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு பாய் கொட்டகையில் இருக்கும் நேரமெல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு நானும் அங்கேயே இருந்தேன். அரிசி பொறுக்கினேன், கீரை ஆய்ந்தேன். முட்டு, முட்டு என்று ஞாபகப்படுத்துவேன். அக்கா எனக்கு மேஸ்திரி ஆயிட்டாங்க என்பார்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்து சேலைகூட மாற்றவில்லை. பட்டறைக்காரர் கேட்ட செட்டில் கடைசி இலை மிசினில் இருந்தது. அது வந்துவிட்டால் தூணைப் பிரித்துக் கிரேன் மாதிரி பிரேக் போடுவதாகப் பேச்சு. ஸ்பிரிங்கைக்கூட என் வீட்டுக்காரர் கொண்டுவந்து வைத்துவிட்டார். நான் மூன்று டம்ளர் டீயோடு கொட்டகைக்குள் வந்தேன். என் வீட்டுக்காரர் கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்தார்.

நாடாவில் ஒரு ஓட்டை கிழிந்து மிசின் பாதியில் நின்றிருந்தது. கத்தி சுற்றுவதைப் பாய் நிறுத்திவைத்திருந்தார். தலை உயரத்தில், காந்தத்தின் பிடியில் நின்றது. இலைக்கும் கத்திக்கும் நடுவில் ஒரு சிலாம்பு மாட்டிக்கொண்டிருந்தது. பாய் இடது கையால் நாடாவைப் பிடித்துக்கொண்டு, மோட்டார்களுக்குக் கரண்ட்டைத் திறந்து மூடும் ரிலேக்கள் பக்கம் காதைச் சாய்த்து வைத்துக்கொண்டு, கண்ணை மூடியபடி வலது கையைத் தலைக்கு அடியில் விட்டார். முட்டு தரையில், அவர் காலடியில் கிடந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் கதவில் வந்து நின்றார். பாயின் கை எங்கே இருக்கிறதென்று பார்த்தார். ரிலே ஒன்று டக்கென்றால் கத்தி சுற்ற ஆரம்பிக்கும். அவர் கத்தவில்லை. கத்தினால் ஆள் பதறுவான், பதறினால் கை போகும் என்று எப்போதும் சொல்பவர். இரண்டே எட்டில் போர்டுக்குப் போனார். அவர் கை பீஸ் கட்டைக்குப் போவதைப் பார்த்தேன். அப்பாடா என்றிருந்தது எனக்கு. இனி பயமில்லை என்று நினைத்தேன், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? இத்தனை வருஷம் எதைப் பார்த்தால் நிம்மதியோ, அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் பிடுங்கினார். தலை இறங்கியது.

சத்தமில்லாமல்தான் இறங்கியது. பாயும் கத்தவில்லை. "மாமு" என்றார், யாரோ தெருவில் கூப்பிடுவது போல. டம்ளர்கள் என் கையிலிருந்து எப்போது விழுந்தன என்று தெரியாது.

என் வீட்டுக்காரர் பீஸ் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் அதைத் திரும்பச் சொருகப் போனார், சொருகாமல் நின்றார். சொருகினால் காந்தம் கவ்விக்கொள்ளும், தலையை அந்தக் கையின் மேலேயே இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அந்த யோசனை அவர் முகத்தில் ஓடுவதை நான் பார்த்தேன். நான்தான் ஓடிப்போய்த் தலையைக் கீழேயிருந்து தூக்கினேன். பிறகு அவரும் வந்து பிடித்தார். அது முரண்டு பிடிக்காமல் மேலே வந்தது. அவருடைய முரட்டுத் திருகாக இருந்திருந்தால் நாங்கள் எவ்வளவு மூச்சுப் பிடித்தாலும் அசைந்திருக்காது. அவருடைய திருகாக இருந்திருந்தால் அது இறங்கியும் இருக்காது.

பூசைக்குப் போட்டுப் போன முக்காட்டுத் துணியைப் பாயின் கையில் சுற்றினேன். ரிக்ஷாவில் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நடு விரல்கள் மூன்றையும் எடுத்துவிட்டார்கள். கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிஞ்சின. என் வீட்டுக்காரர் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பீஸ் கட்டை இன்னும் கைக்குள்ளேயே இருந்தது. அவருக்குத் தெரியாததா? கரண்ட் போனால் என்ன ஆகும் என்று முதலில் கேட்டவரே அவர்தான். கேட்டது அவர் வாய். பிடுங்கியது கை. கைக்கு வேறு பாடம் இத்தனை வருஷமாகச் சொல்லிக் கொடுக்கப்பட்டிருந்தது. கடவுள் மேல் எனக்கு அன்றைக்கு வந்த கோபம் போல என்றைக்கும் வந்ததில்லை. கவனமில்லாதவன் செய்திருந்தால் திட்டவாவது செய்திருக்கலாம்.

பாயின் மனைவி வந்தாள். என் வீட்டுக்காரரை அவள் பார்க்கவில்லை. நேராக என்னிடம்தான் வந்தாள்.

"கைய பாத்துக்கச் சொன்னேனே அக்கா."

"பாத்துக்கினுதான் இருந்தேன்" என்றேன். அது உண்மை.

பாய் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. தந்தி ஆபீசில் அவரை மெக்கானிக் சீட்டிலிருந்து எடுத்து, வந்த தந்திகளைப் பிரித்து அடுக்கும் இடத்தில் உட்காரவைத்தார்கள். இடது கையால் எழுதப் பழகிக்கொண்டார். அவர் மனைவிக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆனால் பாய் எங்கள் வீட்டுக்கு வருவது நின்றுவிட்டது. என் வீட்டுக்காரர்தான் மாதத்துக்கு ஒருமுறை தண்டையார்பேட்டைக்குப் போவார், வாசலில் நின்று பேசிவிட்டு வந்துவிடுவார்.

இவர் துறைமுகத்தில் ஃபிட்டர் வேலையை விட்டு ஸ்டோருக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். கொட்டகையைப் பூட்டினார். வீட்டில் புதிதாக ஒரு பழக்கம் வந்தது. எந்த சுவிட்சை அணைப்பதற்கு முன்பும், அதன் மேல் கையை வைத்துக்கொண்டு, "கை எங்க கீது?" என்று கேட்பார். விளக்கை அணைக்கவும் கேட்பார், இஸ்திரிப் பெட்டியை அணைக்கவும் கேட்பார், ரேடியோவை அணைக்கவும் கேட்பார். வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரும் பதில் சொன்னால்தான் சுவிட்ச் இறங்கும். நான் அடுப்படியிலிருந்து, மாவுல கீது என்பேன். பிள்ளைகள் அதை விளையாட்டாக்கிக்கொண்டார்கள். ரேடியோவுக்கும் கைக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு எரிச்சல் முட்டிக்கொண்டு வரும். ஒருநாள் கேட்டும்விட்டேன். அவர் சுவிட்சிலிருந்து கையை எடுக்காமல் நின்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

குழந்தைக்கு ஒரு வயது நிறைந்தபோது பாய் மனைவியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். விபத்துக்குப் பிறகு அவர் படியேறியது அன்றைக்குத்தான். வலது கையைச் சட்டை மடிப்புக்குள் வைத்திருந்தார். சாயங்காலம், ரேடியோவில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பேச்சுக்கு இடைஞ்சலாக இருக்கிறதே என்று என் வீட்டுக்காரர் எழுந்துபோனார். சுவிட்சில் கை வைத்தார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பழக்கத்தில் கேட்டுவிட்டார்.

"கை எங்க கீது?"

பிள்ளைகள் இருவரும் ஆளுக்கொரு மூலையிலிருந்து, இங்க கீதுப்பா என்றார்கள். நானும் பழக்கத்தில் சொல்லிவிட்டேன். பாய் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். பிறகு பிள்ளைகளைப் பார்த்தார். இவர் சுவிட்சை இறக்காமல் நின்ற முதுகைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. மடிப்புக்குள்ளிருந்து வலது கையை எடுத்தார். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்.

"ரெண்டும் மேல கீது மாமு. நீ அணை."

என் வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். ஆஸ்பத்திரியிலும் அழாதவர், அன்றைக்குத்தான் அழுதார். பாய் கையை இறக்கவே இல்லை. அணை மாமு, அணை என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இவரால் முடியவில்லை. நான் எழுந்துபோய், யாரையும் எதுவும் கேட்காமல் ரேடியோவை அணைத்தேன்.